கொக்குக்குப் பதில் சொன்னவள்

'அவர்' என்று எழுதுவதே முறை. என்னைவிடச் சற்று மூத்தவள்; செவிலியாக இருந்து பலரைக் காப்பாற்றியவள்; எனக்குத் தீங்கென்று எதையும் செய்யாதவள். 'அவர்' என்றுதான் தொடங்கினேன். கை ஓடவில்லை. இத்தனை ஆண்டுகள் நெஞ்சுக்குள் 'அவள்' என்றே உலவியவளை எழுத்தில் மட்டும் மரியாதை கொடுத்து உட்காரவைப்பது பொய்யாகிவிடும். ஆகவே, அவள்.

ஏற்காட்டு மலையில் நாகலூரை ஒட்டிய ஒரு காப்பித் தோட்டம். அங்கே என் கணவர் மின்பணியாளர். தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான் தமிழாசிரியை. தோட்ட மருந்தகத்தில் அவள் செவிலி. ஊர் அவளை ஆசுபத்திரியம்மா என்றது. சேலத்துக்காரி. திருமணம் ஆகாதவள். மருந்தகத்தின் பின்னாலிருந்த ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தாள்.

வாயில்லாதவற்றுக்கெல்லாம் வாய் கொடுப்பது அவளுடைய இயல்பு. கொதிநீரிலிருந்து ஊசியை இடுக்கியால் எடுப்பாள். எதிரே ஒரு பிள்ளை அழுவதற்கு ஆயத்தமாக உதட்டைப் பிதுக்கி நிற்கும். ஊசி பேசத் தொடங்கும்: "சாமி, இப்பத்தான் குளிச்சுட்டு வெளிய வந்தனுங்க. நொம்பக் குளுருது. உங்க கையில செத்த ஒதுங்கிக்கட்டுங்களா?" பிள்ளை யோசித்து முடிப்பதற்குள் ஊசி ஒதுங்கிவிட்டு வெளியேயும் வந்திருக்கும்.

ஏற்காட்டிலிருந்து வரும் பேருந்து பனிமூட்டத்தில் மேட்டில் ஏற முடியாமல் முனகினால், பின்னிருக்கையிலிருந்து பேருந்தின் குரல் கேட்கும்: "ஏனுங்க கண்டக்டரே, எனக்கும் வயசாச்சுங்க. அந்த ரைட்டர் ஒருத்தரை மட்டும் எறக்கி உடுங்க, மிச்சப் பேர நா தூக்கிக்கறேன்." தோட்டத்துக் கணக்கெழுதும், பெருத்த உடம்புக்காரரான எஸ்டேட் ரைட்டரே வயிறு குலுங்கச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவளிடம் எனக்குப் பொறாமை இல்லை. அது பொம்மைப் படங்களோடு வந்தது.

தொலைக்காட்சி மலையேறியிராத காலம். தன் நாட்டுக்குத் திரும்பிவிட்ட வெள்ளைக்காரத் தோட்டக்காரர் ஒருவருடைய பங்களாவிலிருந்து எங்கள் முதலாளி ஒரு பழைய புரொஜெக்டரையும் ஒரு தகரப்பெட்டி நிறையப் படச்சுருள்களையும் வாங்கி வந்தார். எல்லாம் கையால் வரைந்து அசையவிட்ட குட்டிப் படங்கள். சனிக்கிழமை மாலைகளில் காப்பிக் கிடங்கின் சுவரில் வேட்டியைக் கட்டி, அவற்றைத் தொழிலாளர்களுக்குக் காட்டும் பொறுப்பு என் கணவருக்கு வந்தது. கருவியில் ஒலிக்கான பகுதி செத்திருந்தது. படம் ஓடும், பேசாது.

அந்தப் பெட்டியில் எங்கள் தோட்டம் முழுதும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது ஒரு கொக்கின் படம். தொப்பி வைத்த, நெட்டைக் கால் கொக்கு. மாடத்தில் நிற்கும் ஒரு வாத்துப் பெண்ணின்மேல் அதற்குக் காதல். அவளைக் கண்டதும் நெஞ்சு சட்டையைத் தள்ளிக்கொண்டு ஒரு முழம் வெளியே வந்து துடிக்கும். பூங்கொத்தோடு ஏணி வைத்து ஏறும். அவளுடைய அப்பன் வாத்து மேலிருந்து பூந்தொட்டியைப் போடுவான். கொக்கு தோசையைப் போலத் தட்டையாகும், எழுந்து உதறிக்கொள்ளும், பழைய கொக்காகும், மறுபடி ஏணி. அந்தப் படங்கள் எல்லாவற்றின் இலக்கணமும் இதுதான். அடிபட்டவன் சாவதில்லை, காதலித்தவன் திருந்துவதில்லை. நெஞ்சு துடிப்பதற்கும் மண்டை வீங்குவதற்கும் இடையில் மூச்சு விடும் நேரம்கூடக் கிடையாது. சிரிப்பவர்கள் அடிக்காகத்தான் சிரிக்கிறார்கள் என்று முதலில் எண்ணியிருந்தேன். பூ கசங்காமல் கையை உயரத் தூக்கிக்கொண்டு கொக்கு விழுகிறதே, அதற்காகச் சிரித்தார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

ஊமைப் படத்தை எத்தனை வாரம் பார்ப்பது? ஒரு சனிக்கிழமை, கருவியின் பின்னால் இருட்டில் நின்றிருந்த என் கணவர் திடீரென்று கொக்காகப் பேசினார்.

"அம்மிணி! ஏனுங்க அம்மிணி! ஊட்டுல ஆருமில்லீங்களா? பூ கொண்டாந்திருக்கேனுங்க. தண்ணி தெளிச்சுத்தானுங்க கொண்டாந்தேன்!"

கிடங்கு அதிர்ந்தது. நான் கருவியின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் என் கணவர். அத்தனை சொற்களை ஒருசேர அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வீட்டில் அவருடைய பேச்சு சோறு, குழம்பு, சாவி என்ற அளவில் நிற்கும். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை, செல்லமாகவும் அழைத்ததில்லை. ஊரைப் போலவே அவரும் என்னை 'டீச்சர்' என்பார்.

கொக்கு கேட்டுவிட்டு நின்றது. திரையில் வாத்துப் பெண் இமைகளைப் படபடவென்று கொட்டினாள். அப்போது பெண்கள் பக்கத்து இருட்டிலிருந்து ஒரு குரல், மெல்லக் குழைந்து வந்தது:

"எங்கய்யன் ஊட்லதானுங்க இருக்காரு. தொட்டி தேடிட்டு இருக்காருங்க. நீங்க செத்த நேரம் அங்கியே நில்லுங்க."

பூந்தொட்டி விழுந்தது. அன்று எழுந்த சிரிப்பில் கூரைத் தகரத்தின் துரு உதிர்ந்தது என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். பேசியவள் யார் என்று எவரும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்றுமுதல் அது வழக்கமாயிற்று. கொக்கு கேட்கும், அவள் பதில் சொல்வாள். வாரத்துக்கு வாரம் பேச்சு மாறும். ஒரு வாரம் கொக்கு கரடியூரில் காணி வாங்கியிருப்பதாகப் பெண் கேட்டு வரும். "தண்ணி உண்டுங்களா? இல்ல, கண்ணீரு மட்டுந்தானுங்களா?" என்பாள் வாத்து. இன்னொரு வாரம், "உங்களக் காங்காம சோறே எறங்கலீங்க" என்று கொக்கு உருகும். "அந்தக் கழுத்துக்கு எறங்கறதுக்கு நாளாகுமுங்க" என்று பதில் வரும். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் கருவியைப் பிடித்துக்கொள்ள, திரையில் கொக்கும் சேர்ந்து நடுங்கும். ஒளிக்கற்றையின் கசிவில் அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். மணவறையில்கூட நான் காணாத முகம் அது.

தேநீர்க் கடைக்காரி ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "டீச்சருங்க, உங்க ஊட்டுக்காரரும் ஆசுபத்திரியம்மாவும் என்ன பொருத்தமுங்க!" என் முகத்தைக் கண்டதும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "படத்துல சொல்றேனுங்க. படத்துல."

படத்துக்கு வெளியே ஒன்றுமே இல்லை. அதுதான் என்னைத் தின்றது. அவர்கள் தனியாகச் சந்தித்ததில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் "நல்லாருக்கீங்களா" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. குற்றம் சாட்ட எனக்கு ஒரு துரும்பும் கிடைக்கவில்லை. ஊரறிய, விளக்கணைத்து, என் கணவர் வாரம் ஒருமுறை ஒரு பெண்ணிடம் காதல் சொன்னார். அவள் வாரம் ஒருமுறை மறுத்தாள். மறுக்கும் அழகுக்காகவே அவர் மறுபடி கேட்டார். இதை எந்தப் பஞ்சாயத்தில் வைப்பது?

ஒரு முறை வீட்டில் கேட்டுப் பார்த்தேன்.

"அந்தக் கொக்குப் பேச்செல்லாம் எங்கே கற்றீர்கள்?"

நான் வீட்டிலும் பள்ளித்தமிழில்தான் பேசுவேன். பிறந்த வீட்டுப் பழக்கம்.

"எங்கயும் இல்ல டீச்சர். வெளக்கு அணைஞ்சா வாய் தானா வருது."

"இங்கே விளக்கு அணைந்தால் குறட்டைதான் வருகிறது."

"பகலெல்லாம் மெசினோட மல்லுக்கட்டறேன். அலுப்புன்னு ஒண்ணு இல்லையா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு துணிச்சல் வந்தது. பதில் சொல்லத்தானே வேண்டும்? எனக்கும் வாய் இருக்கிறது. அவளைவிட அதிகமான சொற்கள் இருக்கின்றன. அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்துகொண்டேன். கொக்கு ஏணியில் ஏறி, "அம்மிணி, கதவத் தொறந்தா கொறஞ்சா போயிருவீங்க?" என்று கேட்ட மறுநொடியே, அவள் வாய் திறக்குமுன், நான் உரத்துச் சொன்னேன்:

"ஐயா, தாங்கள் இவ்விடம் விட்டு அகல்வதே தங்கள் தலைக்கு நலம்!"

முன்வரிசையில் தரையில் சாய்ந்திருந்த என் மாணவர்கள் அத்தனைபேரும் நிமிர்ந்து உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவன், பாவம், பழக்கத்தில் "உள்ளேன் அம்மா!" என்றான். கொக்கு பேச்சற்று விழுந்தது. பூந்தொட்டி பேச்சற்று உடைந்தது.

அப்போது பின்னாலிருந்து வாத்தின் குரல் மெதுவாகத் தலை நீட்டியது: "தப்பா நெனைக்காதீங்க. எங்க டீச்சர் இப்பிடித்தான் சொல்லச் சொல்லிக் குடுத்தாங்க. நா மனப்பாடம் பண்ணிட்டு வந்தேனுங்க."

சிரிப்பு மீண்டது. கொக்கு உயிர்பெற்றது. என்னைக் காப்பாற்றவே அவள் அதைச் சொன்னாள். என்னிடமிருந்த ஒரே ஆயுதத்தையும் எடுத்துத் தன் வேடத்துக்கு அணியாக மாட்டிக்கொண்டு, காப்பாற்றினாள். அடித்திருந்தால் பொறுத்திருப்பேன்.

சேர்வராயன் கோயில் திருவிழாவின்போதும் அப்படித்தான். தோட்டத்தார் கூட்டமாக மலையேறிப் போயிருந்தோம். குகைக்கோயிலுக்குள் கூரை தாழ்ந்து வரும் இடத்தில், "குனிந்து வாருங்கள்" என்று நான் என் கணவரிடம் சொன்னேன். சொன்னேன் என்பதில் ஐயமே இல்லை. அவர் காதில் விழவில்லை. நெற்றியைப் பாறையில் நன்றாக இடித்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவள் பாறைக்கு வாய் கொடுத்தாள்: "ஏனுங்க, நா இங்கயே எத்தனையோ காலமா நிக்கறேனுங்க. நீங்கதான் புதுசு." புடைத்த நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அவர் சிரித்தார், கல்லிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார், அதன்பின் கடைசிவரை குனிந்தே நடந்தார். மனைவி சொல் கேட்காத மனிதர் பாறை சொல் கேட்டார். நான் அன்று இறைவனிடம் என்ன வேண்டினேன் என்பதை எழுதப்போவதில்லை.

இனி, அந்தச் சனிக்கிழமை.

காப்பிப் பழம் பறிக்கும் காலம். கிடங்கில் பாதி இடத்தை உலர்ந்த கொட்டை மூட்டைகள் பிடித்திருந்தன. சனங்கள் அவற்றின்மேலும் ஏறி உட்கார்ந்து படம் பார்த்தார்கள். ஒரு படச்சுருள் முடிந்து அடுத்தது மாட்டும் இடைவேளையில் பணியாளர் குடும்பப் பெண்கள் முறைவைத்து எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அன்று என் முறை. டம்ளர்களை அடுக்கிய தாம்பாளத்தோடு நான் வருவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். கொக்கின் படம் தொடங்கிவிட்டது. யாருக்கும் மறைக்காமல் குனிந்து போய்விடலாம் என்று திரைக்கு முன்னால் குறுக்கே நடந்தேன்.

ஏதோ ஒரு மூட்டையின் தையல் விட்டுக் கொட்டை கசிந்து தரையெங்கும் பரவியிருக்கிறது. உருண்டையும் வழவழப்புமான கொட்டை. என் இடக்கால் ஒரு திசையில் போயிற்று. வலக்கால் அதைத் தேடிப் போயிற்று. கொக்கு என்ன செய்யுமோ அதையே செய்தேன்: கீழே போய்க்கொண்டிருக்கையிலேயே தாம்பாளத்தை இரு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தேன். பொத்தென்று உட்கார்ந்தேன். தாம்பாளம் ஒரு கணம் என் தலைக்கு மேல் நிலையாக நின்றது. பிறகு டம்ளர்கள் ஒவ்வொன்றாக, வெதுவெதுப்பான காப்பியோடு, என் தோளிலும் மடியிலும் இறங்கின. கடைசி டம்ளர் மட்டும் தரையில் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி, எல்லாரையும் காக்கவைத்து, ஓய்ந்தது. இவ்வளவும் ஒளிக்கற்றைக்குள் நடந்தன. திரையில் என் நிழல், கொக்கின் அருகே, கொக்கைவிடப் பெரிதாக விழுந்தது.

கிடங்கு வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் உச்சியில், கருவியின் பின்னாலிருந்து கொக்கின் குரல் கூவியது:

"ஐயோ அம்மிணி! காப்பி ஆறிப்போச்சுங்களே!"

அம்மிணி. திருமணமாகி அத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக அவர் என்னை அப்படி அழைத்தார்.

சனம் இன்னும் பலமாகச் சிரித்தது. அதன்பின், பழக்கம் காரணமாக, அடங்கிக் காத்திருந்தது. கொக்கு கேட்டாயிற்று; வாத்து பதில் சொல்ல வேண்டும். எல்லாத் தலைகளும் பெண்கள் பக்கம் திரும்பின. கணுக்காலில் தீ ஏறிக்கொண்டிருந்த நானும், தரையில் கிடந்தபடி, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்றே காத்திருந்தேன். எனக்கு அவள் கொடுக்கப்போகும் குரல் எது? என் தாம்பாளத்துக்கு வாய் கொடுப்பாளா, என் இடுப்புக்கா? நாளைமுதல் தோட்டம் முழுதும் அதைத்தான் சொல்லிச் சிரிக்கும். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்?

பதில் வரவில்லை. கொக்கு பொறுத்துப்பார்த்தது, மறுபடி, சற்றுக் குறைந்த குரலில், "அம்மிணி?" என்றது.

அவள் எழுந்தாள். ஒளியின் குறுக்கே நேராக நடந்து வந்தாள். அவள் நிழல் கொக்கையும் வாத்தையும் ஏணியையும் மூடியது. என்னருகே மண்டியிட்டுக் கணுக்காலைத் தொட்டாள். பிறகு கருவி இருந்த பக்கம் பார்த்து, எந்த வேடமும் இல்லாத தன் சொந்தக் குரலில் சொன்னாள்:

"லைட்டப் போடுங்க."

அவ்வளவுதான். கருவி நின்றது. விளக்கு எரிந்தது. வாயில் பாதிச் சிரிப்போடு என் கணவர் நின்றிருந்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பார்த்தாள், அந்தப் பாதிச் சிரிப்பும் அவர் முகத்திலிருந்து இறங்கிப்போயிற்று.

மருந்தகத்தில் கட்டுப் போடும்போது அவளிடம் கேட்டேன்.

"ஏன் நீங்கள் பதில் சொல்லவில்லை?"

"எதுக்குங்க டீச்சர்?"

"கொக்கு கேட்டதே."

துணியைச் சுற்றிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: "அப்பப் பேசுனது கொக்கு இல்லீங்களே. உங்க ஊட்டுக்காரருங்க."

கட்டை இறுக்கினாள். "வலிக்குதுங்களா?" என்றாள். இல்லை என்றேன்.

அவள் படம் பார்க்க வருவதை நிறுத்திவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். மடியிலிருந்த வறுத்த கடலையை எனக்கும் கொடுத்தாள். கொக்கு விழுந்தபோதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தாள். பதில் மட்டும் சொல்லவில்லை. கொக்கு மாடத்தை நோக்கி ஏதோ கேட்டுவிட்டு நிற்கும், இருட்டு பேசாதிருக்கும், பூந்தொட்டி விழும். மருந்து வாங்க வந்த ஒருத்தி, "ஏனுங்கம்மா, இப்பல்லாம் பேசறதே இல்லீங்க?" என்று கேட்டதற்கு, "வாத்துக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்றாளாம். ஊசி, பேருந்து, குரங்கு, மழை எல்லாவற்றுக்கும் அவள் வாயில் இடம் இருந்தது. அந்த ஒரு வாத்துக்குத்தான் இல்லாமற்போயிற்று. மூன்று நான்கு வாரங்களில் கொக்கும் ஓய்ந்தது. படம் பழையபடி ஊமையாக ஓடியது. சனம் பழையபடி அடிக்கு மட்டும் சிரித்தது.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை மாலைகளில் என் கணவர் கருவிக்கு எண்ணெய் விடுகையில் அவர் உதடு அசைவதைப் பார்ப்பேன். யாரும் கேட்காத ஒரு கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பேசியபோது அவள் ஒருத்திக்காகப் பேசினார். பேசாதபோதும் அவள் ஒருத்திக்காகவே பேசாதிருந்தார். அவரைக் கேட்கவைக்க நான் வாய் வலிக்கச் சொல்லிச் சொல்லி ஆகாதது, அவள் வாயை மூடிக்கொண்டதில் ஆயிற்று.

இரண்டு ஆண்டுகளில் அவள் சமவெளியில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது என்னிடம்தான் சொல்லிக்கொண்டு போனாள். பேருந்து கிளம்பியபோது அதற்காக அவள் ஏதாவது பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். கையை மட்டும் ஆட்டினாள். என் கணவர் வழியனுப்ப வரவில்லை. தோட்டத்துக்கு மின்சாரம் தரும் மின்னாக்கியில் பழுது என்றார். மின்னாக்கி அன்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் பேருந்து நிறுத்தம்வரை கேட்டது.

மார்கழிக் குளிர் வந்தால் என் கணுக்கால் குத்தும். சொல்லாமலே என் கணவருக்குத் தெரிந்துவிடும். எண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்ப்பார். ஓர் ஆண்டுகூடத் தவறியதில்லை. "வலிக்குதா டீச்சர்?" என்பார். மென்மையாகத்தான் கேட்பார். நான் காலை இழுத்துக்கொள்வேன். அவர் மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அன்று விளக்கு எரிந்ததும் அவள் அவரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவு வரும். "இது யார் பார்ப்பதற்காக?" என்று கேட்க எனக்கு நாக்குவரை வரும். கேட்டதில்லை. அவர் பதில் சொல்லிவிடக்கூடும்.